இரண்டாவது கையெழுத்து யார் கையில்?

தலித் ஊராட்சித் தலைவர்களுக்கு நடக்கும் அவமதிப்பு என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நாற்காலிதான். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் ஊடகங்களில் பரவியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுத்தார்கள். இருவரும் பெண்கள், தலித்துகள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இந்த அவமதிப்புகளை எதிர்த்துப் பேசியதும் போராடியதும் சரிதான். ஆனால் நாற்காலி கொடுத்த பிறகு, கொடி ஏற்றிய பிறகு, அந்தத் தலைவரால் தன் காலனிக்கு ஒரு தெருவிளக்கு பல்பு வாங்கிப் போட முடிகிறதா? ஊராட்சித் தலைவர்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்யும் சமூகப் பணியாளர்கள் நாங்கள். பயிற்சிக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் உண்மைகள் வெளியே வரும். "சேர் எல்லாம் போட்டுத்தாங்க இருக்கு, செக்குலதான் கையெழுத்து விழ மாட்டேங்குது" என்று சொல்லும் தலைவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

படம் எடுத்துப் போட முடியாத தீண்டாமை இது. சட்டத்தை மீறி நடப்பதாகவும் இதைச் சொல்லிவிட முடியாது. நல்லாட்சிக்காகச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு விதியைப் பிடித்துக்கொண்டே இது நடக்கிறது. அதனால்தான் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் வந்த 243-டி பிரிவுதான் ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டை உறுதி செய்தது. உறுப்பினர் இடங்களுக்கு மட்டுமல்ல, தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு உண்டு. அதையொட்டி வந்ததுதான் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். இன்று தமிழ்நாட்டில் உள்ள ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இந்தச் சட்டத்தின்படிதான் இயங்குகின்றன.

இந்தச் சட்டப்படி கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. கிராம ஊராட்சித் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை.

அடுத்து, 188-ஆவது பிரிவின் 3-ஆம் உட்பிரிவுக்கு வாருங்கள். ஊராட்சி நிதியிலிருந்து பணம் கொடுக்கும் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது அது. இருவரில் ஒருவர் இல்லாத நிலையில், ஊராட்சி மன்றம் கூட்டத்தில் அதிகாரமளித்த இன்னொரு உறுப்பினர் அந்த இடத்தில் கையெழுத்திடலாம்.

படித்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. பொதுப் பணத்தை ஒரே ஆள் எடுக்கக் கூடாது, இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது உலகத்தில் எல்லா நிறுவனங்களிலும் உள்ள ஏற்பாடு. நம் மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கிலும் இதுதான் நடைமுறை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊராட்சியில் ஒன்பது வார்டுகள். மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகள். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வார்டுகளில் மூன்று ஒதுக்கீடு, மீதி ஆறு பொது. அந்த ஆறு பொது வார்டுகளிலும் ஊர்த்தெருக்காரர்கள்தான் ஜெயிக்கிறார்கள். ஆறு பேர் சேர்ந்து தங்களில் ஒருவரைத் துணைத் தலைவர் ஆக்குகிறார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார முடியாமல் போன ஆதிக்க சாதிக் குடும்பம், பெரும்பாலும் முந்தைய தலைவரின் குடும்பமேதான், அடுத்த நாற்காலிக்கு வந்துவிடுகிறது. காசோலைப் புத்தகத்தின் பாதி உரிமை அதோடு அவர்கள் கைக்குப் போகிறது.

சட்டத்தை எழுதியவர்கள் இரண்டு கையெழுத்து என்று எழுதியபோது, இரண்டு சமமான மனிதர்களை நினைத்து எழுதினார்கள். அந்த இரண்டு மனிதர்களும் ஒரே ஊரில் சமமாக டீ குடிக்க முடியுமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டுப் பண்புகளும் ஒரு ஊரும்

சமூகவியல் முதுகலையில் நாங்கள் படித்த பாடம் ஒன்று நல்லாட்சி. ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய 1989-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில் உலக வங்கி ஆளுகை நெருக்கடி என்று பேசத் தொடங்கிய பிறகு இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஐ.நா. அமைப்புகள் இதற்கு எட்டுப் பண்புகளை வகுத்துக் கொடுத்தன: மக்கள் பங்கேற்பு, ஒருமித்த கருத்து, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, மக்கள் தேவைக்கு உடனே செவிசாய்த்தல், செயல்திறன், சமத்துவமும் எல்லோரையும் உள்ளடக்குதலும், சட்டத்தின் ஆட்சி. தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். இந்த எட்டில் ஒன்றைக்கூட நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இவை ஊருக்குள் இறங்கும்போது என்ன ஆகின்றன என்பதைக் களத்தில்தான் படித்தோம்.

ஒருமித்த கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆள் வருவார், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். எல்லாம் 'ஊர்க் கட்டுப்பாடு', எல்லாம் 'ஒருமனதாக'. 2006-இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தவர்கள் மேலவளவில் இன்னும் மேலே போனார்கள். 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பேருந்தை மறித்துக் கொன்றார்கள்.

பங்கேற்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை நடந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறு முறை ஆகியிருக்கிறது. மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஆட்சியர் அலுவலகம் அறிவிப்புக் கொடுக்கிறது. அந்த அறிவிப்பை ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது? கோயில் வாசலில் கூட்டம் போட்டால் காலனிக்காரர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துகள் நிறைந்திருக்கும்.

வெளிப்படைத்தன்மையையும் விட்டு வைக்கவில்லை. ஒரு தலித் தலைவர் பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே, அவர் வாங்கிய ஒவ்வொரு பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுமேல் மனு வந்ததைப் பார்த்திருக்கிறோம். கேட்டவரின் உரிமை அது, மறுக்க மாட்டோம். முந்தைய பத்து ஆண்டுகள் அவருடைய பங்காளி தலைவராக இருந்தபோது ஒரு மனுவும் ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்கிறோம்.

ஏழு மாதம்

எங்களுக்கு மிக நெருக்கமாகத் தெரிந்த ஒரு ஊராட்சியைப் பற்றிச் சொல்கிறோம். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம். அக்கா இன்னும் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர் அவர். அதற்கு முன்பு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பத்தாம் வகுப்புவரை படித்தவர், கணக்கில் கெட்டி. தேர்தலில் அவரை நிறுத்தியதே ஊர்த்தெருவின் ஒரு பிரிவுதான். "நீ கையெழுத்து மட்டும் போடு தாயி, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றுதான் சொல்லி நிறுத்தினார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்து அன்றைக்கே விழுந்தது.

காலனியின் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் மோட்டார் பழுதானதில் பிரச்சினை ஆரம்பித்தது. ஊர்த்தெருவில் பேவர் பிளாக் பதிக்க வேண்டும், அதை முதலில் எடு என்றார்கள். தண்ணீர்தான் முதலில் என்றார் அக்கா. மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வைத்தார். மெக்கானிக்கை வரவழைத்து மோட்டாரைச் சரிசெய்தார். பில் வந்தது, வவுச்சர் எழுதினார், காசோலையில் கையெழுத்துப் போட்டு ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து அனுப்பினார். துணைத் தலைவர் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தது. மறுநாள் உடம்பு சரியில்லை. அதற்கடுத்த வாரம் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. ஒரு தடவைகூட "போட மாட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. மெக்கானிக் கடன் கேட்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் நிலுவை. தெருவிளக்கு போனால் மாற்றப் பல்பு இல்லை. மின்கட்டணம் பாக்கி. இதற்கெல்லாம் ஊர் யாரைத் திட்டும்? துணைத் தலைவரையா? "அதான் அப்பவே சொன்னோம், அவளுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியாதுன்னு" என்றார்கள். காலனிக்குள்ளேயே அப்படிப் பேச ஆரம்பித்தார்கள். சொந்த நகையை அடகு வைத்துத் தொட்டி இயக்குபவருக்குப் பணம் கொடுத்தார் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்கம்மா, ஊருக்குள்ள இதெல்லாம் சகஜம்" என்றார்கள். அங்கே அதை ஈகோ பிரச்சினை என்று பதிவு செய்துகொண்டார்கள். ஒரு சாதிப் பிரச்சினையை இரண்டு பேருக்கு இடையிலான சண்டையாக மாற்றுவதுதான் நிர்வாகம் முதலில் செய்யும் வேலை.

அதன் பிறகுதான் எழுத்தில் இறங்கினோம். எந்தத் தேதியில், எந்தக் காசோலை, எந்தத் தீர்மானத்தின் அடிப்படையில் அனுப்பப்பட்டது என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட முடியாததற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு துணைத் தலைவருக்கு அக்காவின் பெயரில் பதிவுத் தபால் அனுப்பினோம். நகல் ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் போனது. பதில் இல்லை. இரண்டாவது தபால், மூன்றாவது தபால். பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் மனு. டி.எஸ்.பி. விசாரணைக்குத் தேதி குறித்த அன்று மாலை, நிலுவையில் இருந்த அத்தனை காசோலைகளிலும் ஒரே உட்காரலில் கையெழுத்து விழுந்தது. கண்ணாடி கிடைத்துவிட்டது போல.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. தாமதம் மாதத்திலிருந்து வாரமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தில் ஏழு மாதமும் அதன் பிறகு வந்த வாரங்களும் எங்கே போயின என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கண்காணிப்பும் பறிப்பும்

இப்படிப்பட்ட தகராறு முற்றினால் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். அவருக்கு 203-ஆவது பிரிவின்படி அவசர கால அதிகாரம் இருக்கிறது. பல இடங்களில் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை, பணிகள் தேங்கிவிட்டன என்று சொல்லி, காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இருவரிடமிருந்தும் பறித்தாயிற்று, நடுநிலையான முடிவு என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போடாமல் இருந்தவருக்கு என்ன நஷ்டம்? தலித் தலைவர் கையில் நிர்வாகம் இருக்கக் கூடாது என்பதுதானே அவர் கேட்டது? அது அரசு உத்தரவாகவே கிடைத்துவிடுகிறது.

205-ஆவது பிரிவு தலைவரைப் பதவி நீக்கம் செய்வதற்கானது. ஆய்வாளர் தானாகவோ, மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்ட மனுவின் பேரிலோ நடவடிக்கையைத் தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்கிறார்கள், வட்டாட்சியர் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்கிறார், பிறகு ஆய்வாளர் முடிவெடுக்கிறார். பொறுப்புக்கூறலுக்கு இப்படி ஒரு பிரிவு தேவைதான். ஆனால் நாம் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். ஒன்பதில் ஆறு என்பது சரியாக மூன்றில் இரண்டு பங்கு.

துணைத் தலைவரை நீக்குவதற்கும் 206-ஆவது பிரிவு இருக்கிறது. சட்டம் கொடுத்த கடமையை வேண்டுமென்றே செய்யாதவர் மீது அதைப் பயன்படுத்தலாம். தலித் தலைவரின் காசோலைகளைத் தேக்கி வைத்ததற்காக இந்தப் பிரிவு பாய்ந்ததை எங்கள் வேலைக் காலத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

அம்பேத்கர் ஏன் நினைவுக்கு வருகிறார்?

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். இதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசியலமைப்பில் நிர்வாக விவரங்களை இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னார். அரசியலமைப்பின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், நிர்வாக முறையை மட்டும் மாற்றி அதன் நோக்கத்தைக் கெடுத்துவிட முடியும் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். ஜனநாயகம் இந்த மண்ணின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அதனால் நிர்வாகத்தின் வடிவத்தைச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது என்றார்.

243-டி பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இட ஒதுக்கீடு அப்படியே இருக்கிறது. தலித் பெண் தலைவராக இருக்கிறார். ஒரு நிர்வாக விதியின் மூலம் அந்தப் பதவிக்குள் இருந்த அதிகாரம் மட்டும் வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. 1948-இல் அவர் எச்சரித்தது நம் ஊராட்சி அலுவலகத்தில் அன்றாடம் நடக்கிறது.

"அப்போ கண்காணிப்பே வேண்டாமா?"

பயிற்சிகளில் மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. தலித் தலைவர்களிலும் தவறு செய்பவர்கள் இருக்க மாட்டார்களா? இருப்பார்கள். எங்கள் தலைவர்களைக் கணக்கிலிருந்து விடுவியுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. காலனிக்கு வரும் பணம் காலனிக்காரரே எடுத்தாலும் திருட்டுதான்.

எங்கள் வாதம் வேறு. கண்காணிப்பவருக்கும் கடமை உண்டு, காலக்கெடு உண்டு, தவறினால் விளைவு உண்டு என்று சட்டம் எழுத வேண்டும். இன்றைய விதியில் முதல் கையெழுத்துப் போடுபவர் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கையெழுத்துப் போடாதவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கப்படாத ஒருவரிடம் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுத்திருக்கிறது இந்த விதி.

ஆகவே சட்டத்திருத்தமாக நாங்கள் கேட்பவை இவை.

முதலாவது, காலக்கெடு. மன்றத் தீர்மானத்தோடு வரும் காசோலையில் ஏழு நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தக் காசோலைக்கு மட்டும் மாற்றுக் கையெழுத்துக்கு வழி இருக்க வேண்டும். ஒருவர் 'இல்லாத' நிலையில் இன்னொரு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று இன்றும் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டில் இருந்துகொண்டே கையெழுத்திடாதவரையும் அந்த வகையில் சேர்க்க வேண்டும். அந்த உறுப்பினருக்கு அதிகாரம் கொடுக்கப் பெரும்பான்மைத் தீர்மானம் வேண்டும் என்ற நிலையையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அதே ஆறு பேரிடம்தான் போய் நிற்போம்.

இரண்டாவது, ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பதைத் தனியாக முடிவு செய்ய வேண்டும். கர்நாடகத்தில் தலைவரோடு பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலர் கையெழுத்திடுகிறார். அதிலும் சிக்கல் உண்டு. அதிகாரி எஜமானர் ஆகிவிடுவார். ஆனால் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க முடியும். பட்டியல் சாதி வார்டு உறுப்பினர் ஒருவருக்கு அந்த அதிகாரத்தைத் தருவது இன்னொரு வழி. எது சரி என்று விவாதிப்போம். விவாதமே இல்லாமல் இருப்பதுதான் தவறு.

மூன்றாவது, காசோலை அதிகாரத்தை எடுக்கும் உத்தரவில் யாருடைய தவறால் பணி நின்றது என்பதற்கான காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், கால வரம்பும் இருக்க வேண்டும். தடுத்தவரையும் தடுக்கப்பட்டவரையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலை ஆகாது.

நான்காவது, நிலுவைப் பட்டியல். எந்த பில் எந்தத் தேதியிலிருந்து யாரிடம் நிற்கிறது என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவல்களை வெளியிடச் சொல்கிறது. ஊராட்சியும் அதற்குக் கட்டுப்பட்ட பொது அமைப்புதான். காசோலைத் தாள் போய் எல்லாம் கணினி வழி ஆனாலும், யாருடைய ஒப்புதலுக்காக நிற்கிறது என்ற கேள்வி மாறாது.

இப்போதே கையில் இருப்பவை

திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் 3(1)(எம்) பிரிவு இருக்கிறது. ஊராட்சியில் உறுப்பினராகவோ தலைவராகவோ இருக்கும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரை, அவருடைய வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவது, மிரட்டுவது, தடுப்பது குற்றம் என்கிறது அது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை. நாற்காலி மறுப்புக்கு மட்டுமே வன்கொடுமைச் சட்டம் என்று பல தலைவர்கள் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே தேக்கி வைக்கப்பட்ட காசோலைக்கும் இந்தப் பிரிவைக் கொண்டுபோகலாம். அதற்குத் தேதியும் ஆவணமும் வேண்டும்.

எனவே தலைவர்களோடு பழகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. காசோலையைக் கையில் கொடுத்தனுப்பாமல், அனுப்புகைப் பதிவேட்டில் எழுதி, பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது, தபாலில் வரும் ஒப்புகை நிற்கும். தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அது அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். தீர்மானங்களின் நகலையும் காசோலைப் பதிவேட்டின் நகலையும் கேட்டு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு போடுங்கள். எதிர்த்தரப்பு பயன்படுத்தும் கருவி நமக்கும் சொந்தம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 17-ஆவது விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். 16-ஆவது விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். அதுவே பல ஆண்டுகள் கூடாமல் கிடந்து 2021 ஆகஸ்டில் கூடியது. தேதி எழுதப்பட்ட விதிக்கே இந்த நிலை என்றால், தேதி எழுதப்படாத விதியின் கதி என்ன?

2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. அடுத்த தேர்தலுக்கு நாம் தயாராகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். தலைவர் ஜெயித்த அன்று பட்டாசு வெடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். சில நாள் கழித்து, ஒரு சின்ன அறையில், ஒன்பது பேர் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு வெளியே நம் ஆட்கள் யாரும் நிற்பதில்லை. அடுத்த ஐந்து ஆண்டு அந்த ஊராட்சியில் பணத்தைத் தடுக்கும் உரிமை யாருக்கு என்பது அந்த அறையில்தான் முடிவாகிறது. ஒதுக்கீட்டு வார்டுகளோடு நிற்காமல் பொது வார்டுகளிலும் நம் பெண்களை நிறுத்துங்கள். ஊர்த்தெருவில் நியாயம் பேசும் ஒரு உறுப்பினராவது இருந்தால் அவரோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். ஒன்பதில் ஐந்து என்ற எண்ணை எட்ட என்ன வழி என்று ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

பொது நிறுவனங்களுக்கான சட்டம் எதைப் படித்தாலும், அது கூட்டுறவுச் சங்கமோ, பல்கலைக்கழகமோ, வாரியமோ, வெளிப்படை, பொறுப்பு, பங்கேற்பு என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அந்தச் சொல்லை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் எந்தப் பதவியில் இருக்கிறது, அந்தப் பதவிக்கு யார் வர முடியும், அவர் சும்மா இருந்தால் எத்தனை நாளில் யார் கேட்பார்கள் என்ற மூன்றையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டு படியுங்கள். பதில் கிடைக்காத பிரிவுகளைப் பட்டியல் போடுங்கள். நம் அடுத்த கோரிக்கை மனுவை அந்தப் பட்டியலிலிருந்து எழுதுவோம்.